செவ்வாய் ராவு கேட்ட வண்டி

உம்மா எனக்கான பள்ளிக்கூடத்தை வளையல் அளவை வைத்துத்தான் முடிவு செய்தாள். சிரிக்காதீர்கள். பகலில் ஊரைத் தாண்டாத ஒருத்தி, கண்ணால் பார்த்தே இராத இரண்டு பள்ளிக்கூடங்களில் எது நல்லது என்று வேறு எப்படித்தான் கண்டுபிடிப்பாள்?

எங்கள் ஊர் கீழக்கரை. நான் சொல்வது ஐம்பதுகளில் நடந்தது. அப்போது எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். அதில் யாருக்கும் வருத்தமும் கிடையாது, பேச்சும் கிடையாது. எனக்கு மட்டும் எதைக் கண்டாலும் கேள்வி. சங்குக்குள் கடல் சத்தம் எப்படிப் போனது? கொழும்பில் இருக்கும் வாப்பாவுக்கும் இதே நிலாதானா? நமக்கு மட்டும் ஏன் ராவு முதலில் வந்து பகல் பின்னால் வருகிறது? உம்மா, "வாய மூடு புள்ள, தொணதொணன்னு" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து அரிசி புடைத்துக்கொண்டே, "ஆமா, சங்குக்குள்ள எப்படித்தான் போச்சு?" என்று அவளே கேட்பாள்.

என் ஐந்தாம் வகுப்பு டீச்சர் வெளியூர்க்காரர். அவர்தான் ஒருநாள் வீடு தேடி வந்து உம்மாவின் காதில் போட்டுவிட்டுப் போனார். ராமநாதபுரத்தில் ஒன்று, பரமக்குடியில் ஒன்று, இரண்டு இடத்திலும் பெண்களுக்கு ஹைஸ்கூல் இருக்கிறது, ஹாஸ்டலும் இருக்கிறது. ஃபர்ஸ்ட் ஃபாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், சேரப் பரீட்சை வைப்பார்கள். இடம் கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய. இரண்டு பள்ளிக்கும் ஒரே நாளில் பரீட்சை என்பதால் ஏதாவது ஒன்றுக்குத்தான் விண்ணப்பம் போட முடியும்.

"இவ எழுதினா எடம் கெடைக்கும்மா. எந்தப் பள்ளிக்கூடம்னு மட்டும் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டீச்சர்.

வீட்டில் ஆம்பிளைத் துணை என்றால் மாமாதான். உம்மாவின் அண்ணன், அவள் வாயில் 'காக்கா'. வாசனைத் தைலமும் சட்டைப்பையில் கடிகாரமுமாகத் திரிவார். அவருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ளைய ஹாஸ்டல்ல போட்டுட்டு நான் ஊருக்குள்ள எப்படித் தலை நிமிந்து நடக்க?" என்றார். உம்மா கொழும்புக்கு எழுதச் சொன்னாள். வாப்பாவின் கடுதாசி வந்ததும் மாமாதான் வாசித்தார். "ஒரு தடவை பரீட்சை எழுதட்டும்" என்பதை முணுமுணுப்பாகவும், "கிடைக்காவிட்டால் அதோடு இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்" என்பதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரியும் வாசித்தார். ஒரே தடவை. அவ்வளவுதான் எனக்கு.

சரி, எந்தப் பள்ளிக்கூடம்? அங்கேதான் வளையல்காரம்மா வந்தார். அவர் இரண்டு ஊர் ஹாஸ்டலுக்கும் வளையல் கொண்டுபோகிறவர். உம்மா அவரை உட்கார வைத்துப் பலகாரம் கொடுத்து விசாரித்தாள் பாருங்கள், போலீஸ் தோற்றுவிடும். கிணற்றுத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா? சுற்றுச்சுவர் ஆளுயரம் இருக்கா? வாத்தியார் எல்லாம் பொம்பளைகதானா? நோன்பு நாளையில் விடியுமுன் சஹருக்கு எழுப்பிச் சோறு போடுவார்களா? வளையல்காரம்மா இதற்கெல்லாம் தலையைச் சொறிந்தார். கடைசியில் அவரே ஒன்று சொன்னார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது தாயி. நான் கைய மட்டுந்தான் பாக்குறேன். பரமக்குடியில போன தடவ போட்ட வளையலு இந்தத் தடவ புள்ளைக கையில லொடலொடங்குது. ராம்நாட்டுல அப்படி இல்ல. சில புள்ளைகளுக்கு அடுத்த அளவே கேக்குது."

உம்மா என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். ராமநாதபுரம் என்று முடிவாகிவிட்டது.

விண்ணப்பத்தை மாமா பூர்த்தி செய்தார், ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு. பரீட்சை செவ்வாய்க்கிழமை காலை என்று பதில் வந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் வெளியூர் போவதென்றால் கூண்டு வண்டிதான், அதுவும் இருட்டிய பிறகுதான். திரை போட்ட வண்டியில் ராவோடு ராவாகப் போய், ராமநாதபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் பரீட்சைக்குப் போவதாக ஏற்பாடு. வழக்கமான வண்டிக்காரருக்குக் காலில் அடிபட்டிருந்தது. தன் மருமகனைச் சிக்கல் என்ற ஊரிலிருந்து வரவழைத்து, "இனி இவன்தான் ஓட்டுவான்" என்று வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். புது ஆள், உழவு வேலை செய்துகொண்டிருந்தவர், நல்ல மரியாதைக்காரர்.

உம்மா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள்: "ராம்நாட்டுக்குப் போகணும். செவ்வா ராவு வண்டி வேணும். மஃரிபு தொழுதுட்டு ஏறிருவோம். தாமசம் பண்ணிறாதீக, புள்ளைக்குப் பரீச்சை."

"சரி தாயி. செவ்வா ராத்திரி டாண்ணு வந்துர்றேன்" என்றார் அவர்.

இரண்டு பேருக்கும் திருப்தி. நானும் பக்கத்தில்தான் நின்றேன், எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை பொழுது சாய்ந்தது. அந்தித் தொழுகைக்கு மஃரிபு பாங்கு சொன்னார்கள். உம்மா தொழுது முடித்து, வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, மூட்டையும் முடிச்சுமாக வாசல் நடையில் உட்கார்ந்தாள். வண்டி வரவில்லை. தெருவில் மாட்டுச் சலங்கை கேட்டால் நான் எழுந்து ஓடுவேன். யார் யாரோ போனார்கள். அடுத்த தொழுகைக்கும் பாங்கு சொல்லியாயிற்று. உம்மா மூட்டையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். பள்ளிவாசலிலிருந்து திரும்பிய மாமா எங்களைப் பார்த்துவிட்டு, "அல்லா நாடல. நான் என்ன சொன்னேன்? உள்ள போங்க" என்றார். அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கடிகாரத்தைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருப்பேன்.

அப்போதுதான் எனக்குக் கொலு ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சுக்காரி, பாப்பார வீட்டுப் பிள்ளை, "ஞாயித்துக்கிழமை ராத்திரி எங்க வீட்டுக்குக் கொலு பாக்க வா" என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தாள். நான் வேலைக்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால், பொம்மைகள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தன. அவள் என்னைப் பார்த்து விழித்தாள். "இன்னிக்குச் சனிக்கிழமைடி!" எங்களுக்கு நாள் என்பது அந்தியில் தொடங்குவது. பொழுது விழுந்துவிட்டால் அடுத்த நாள் பிறந்தாயிற்று. சனிக்கிழமை அந்திக்குப் பிறகு வருவது எங்களுக்கு ஞாயிறு ராவு. ஊரெல்லாம் வியாழக்கிழமை ராத்திரி என்று சொல்வதைத்தான் நாங்கள் வெள்ளி ராவு என்போம்.

"உம்மா! வண்டிக்காரர்ட்ட என்னன்னு சொன்னீக?"

"செவ்வா ராவுன்னு சொன்னேன். நீயும்தான் நின்னியே."

"போச்சு! அவருக்கு நம்ம ராவு தெரியாது உம்மா. அவர் நாளைக்கு ராத்திரிதான் வருவார்!"

உம்மா வாயில் கை வைத்தாள். வழக்கமான வண்டிக்காரருக்கு இதெல்லாம் அத்துப்படி. சிக்கல்காரருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்த நேரத்தில் வேறு வண்டிக்கும் வழியில்லை, இருந்த கூண்டு வண்டிகள் எல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. மாமா, "பாத்தியா" என்பது போல் என்னைப் பார்த்தார்.

உம்மா மூட்டையின் முடிச்சைக் கடைசியாக ஒரு தடவை இறுக்கிக் கட்டினாள். பிறகு, "காலையில மொத பஸ் எப்பக் காக்கா?" என்று கேட்டாள்.

மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பஸ்ஸா? பகல்லயா? கடத்தெரு வழியாவா? ஒனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"நீங்க கூட வாரீகளா, நாங்க ரெண்டு பேருமே போகவா? அத மட்டும் சொல்லுங்க."

உம்மா அண்ணனிடம் அப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அவளுடைய குரலா என்று திரும்பிப் பார்த்தேன்.

விடிந்ததும் கிளம்பினோம். எங்கள் பெண்கள் நடக்கிற சந்துகள் கடைத்தெருவோடு நின்றுவிடும், அதற்கப்பால் பஸ் நிற்கும் இடம் வரை ஆண்கள் நடமாட்டம்தான். உம்மா துப்பட்டியை முகம் மறைய இழுத்துவிட்டு, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டீக்கடையில் பேச்சு நின்றுபோனது. மாமா வெகு தூரம் முன்னால் போனார், எங்களுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல. அவள் பிடித்த பிடியில் என் வளையல் கையில் பதிந்தது. அவளை நினைத்து அழுகை வந்தது, ஆனால் அழுதால் பஸ்ஸில் ஏற்றமாட்டார்களோ என்ற பயத்தில் அடக்கிக்கொண்டேன்.

பஸ் ஊரைத் தாண்டியதும் உம்மா துப்பட்டியை ஒரு விரல் அளவுக்கு விலக்கினாள். பிறகு இரண்டு விரல். அந்தப் பாதையில் எத்தனையோ தரம் போனவள்தான், ஆனால் எல்லாம் திரைக்குள், இருட்டில்.

"ஏம்மா, இந்த ரோட்டுல இம்புட்டுப் பனையா நிக்கிது?"

"ஆமா உம்மா."

"அந்தா வெள்ளையாக் கெடக்கே, அது உப்பா, தண்ணியா? அந்த ஆளு ஏன் ஒத்த மாட்டக் கட்டி இழுக்குறார்? இந்த ஊரு பேரென்ன?"

எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. என் கேள்விக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் அன்றைக்குத் தெரிந்தது. முன் இருக்கையிலிருந்து மாமா திரும்பிப் பார்த்து, "மெதுவாப் பேசு" என்றார். உம்மா மெதுவாகவே கேட்டுக்கொண்டு வந்தாள், ராமநாதபுரம் வரைக்கும்.

வழியில் பஸ் நின்று நின்று வந்ததில், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பரீட்சை மணி அடித்திருந்தது. வாட்ச்மேன் கதவைத் திறக்க மறுத்துவிட்டார். மாமா, "சரி, வா திரும்புவோம்" என்று ஆரம்பித்தார். சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை வந்தார். உயரமான அம்மா, கண்ணாடி போட்டிருந்தார்.

"ஏன் லேட்டு?"

மாமா வாயைத் திறப்பதற்குள் உம்மா பேசினாள். வெளியாள் ஒருவரிடம், திரை இல்லாமல், கதவு இல்லாமல். "நான் செவ்வா ராவு வண்டி கேட்டேங்க. அவர் இன்னிக்கு ராவுதான் வருவார்."

"செவ்வாய் ராத்திரின்னா இன்னிக்கு ராத்திரிதானேம்மா?"

"இல்லீங்க. இன்னிக்கு ராவு புத ராவு."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "இருங்க. அப்ப செவ்வா ராவு எப்ப?"

"அது நேத்தே போயிருச்சுங்க."

"செவ்வாய்க்கிழமை இப்பத்தானே நடக்குது! அதோட ராத்திரி நேத்தே எப்படிப் போகும்?"

"ராவு போயித்தானேங்க பகல் வந்துருக்கு" என்றாள் உம்மா.

அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, கேலி என்றால் எனக்கு உடனே தெரிந்துவிடும். "உங்க கணக்குக்கு நீங்க எங்களுக்கு முந்தியே வந்திருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "போய் உக்காரு. கூடுதல் நேரமெல்லாம் கெடையாது."

கணக்கை ஓட்டமும் நடையுமாகப் போட்டு முடித்தேன். கட்டுரைத் தலைப்பு 'ஒரு பிரயாணம்'. யா அல்லா, நான் அதுவரை எங்கே பிரயாணம் போனேன்? அன்று காலையில் போனதுதான். அதையே எழுதினேன். உம்மா கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதி, பதில் தெரியாது, தெரியாது என்று எழுதிக்கொண்டே போனேன். பாதிப் பாதைகூட வரவில்லை, மணி அடித்து, தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். வெளியே வந்து உம்மாவிடம் "முடிக்கல" என்று சொன்னேன். அவள் என் தலையைத் தடவிவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத உம்மாவைப் பார்த்தபோதுதான் எனக்கு ரொம்பப் பயமாகிவிட்டது.

சாயங்காலம் வீடு திரும்பி, மஃரிபு தொழுகை முடிந்த கையோடு வாசலில் சலங்கைச் சத்தம். மாட்டைக் குளிப்பாட்டி, புது வைக்கோல் பரப்பி, திரையைத் துவைத்துக் கட்டி, சிக்கல்காரர் டாண்ணு வந்து நின்றார். மாமாவுக்குக் காலையிலிருந்து அடக்கிவைத்த ஆத்திரம் எல்லாம் அவர் மேல் பாய்ந்தது. அந்த மனிதர் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "செவ்வாக்கிழமைதானே சாமி இன்னிக்கு? நான் மாறி ஒண்ணும் வரலையே" என்று திகைத்தார். உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "விடுங்க காக்கா, அவர் மேல ஒரு குத்தமும் இல்ல" என்று சொல்லி, எங்கள் கணக்கை அவருக்குப் பொறுமையாக விளக்கினாள். அவர் விரலை மடக்கி மடக்கிக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப இங்கன ராத்திரிதான் மூத்தது, பகலு எளையது. சரி தாயி, இனி மறக்க மாட்டேன்" என்றார். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.

எனக்கு இடம் கிடைத்தது. சில வாரம் கழித்து டீச்சர் தெருமுனையிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். நான் குதித்த குதியில் கொடியில் காய்ந்த துணியெல்லாம் விழுந்தது. உம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். எட்டிப் பார்த்தால், சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். மாமா கடைத்தெருவுக்குப் போய், "நாந்தான் பஸ்ஸுல கூட்டிட்டுப் போனேன்" என்று சொல்லியிருக்கிறார். சொல்லட்டும்.

ஹாஸ்டலில் மணிதான் ராஜா. எழ மணி, குளிக்க மணி, சாப்பிட மணி. என் கட்டிலுக்கு எதிரே ஒரு காலண்டர் தொங்கும், தினமும் காலையில் தாளைக் கிழிப்பது ஒருத்தியின் முறை. என் முறை வந்தால் எனக்குப் பெருமை தாங்காது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் டீச்சர்களும் இருந்தார்கள். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வளையல்கூட இறுக ஆரம்பித்திருந்தது.

முதல் லீவு வந்தது. சிக்கல்காரர் சந்தைக்குச் சரக்கு ஏற்றி வரும்போதெல்லாம் கேட்டில் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போவார். அவரிடம், "வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுது. வெள்ளி ராத்திரி வாரேன்னு உம்மாட்ட சொல்லுங்க. நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"வெள்ளி ராவுதானே? எனக்குத் தெரியாதா பாப்பா!" என்று தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை அந்தியில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கேட்டில் சலங்கைச் சத்தம். வண்டியில் புது வைக்கோல், துவைத்த திரை. வார்டன் அம்மா, "லீவு நாளைக்குத்தான்" என்று அனுப்ப மறுத்துவிட்டார். நான் ஈரக்கையோடு ஓடினேன்.

"என்ன, இன்னிக்கே வந்துட்டீக?"

"வெள்ளி ராவுன்னா இன்னிக்குத்தானே பாப்பா? அம்மா சொல்லிக் குடுத்து நான் படிச்சுட்டேனே!" அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. என் முகத்தைப் பார்த்ததும் அது மெதுவாகக் குறைந்தது. வெறும் வண்டியாகத் திரும்பிப் போனார். மறுநாள் மறுபடியும் வந்து என்னைக் கூட்டிப்போனார்.

வீட்டில் உம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. சோறு போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏம்மா, ஒங்க பள்ளிக்கூடத்துல நாளு எப்ப ஆரம்பிக்குது?"

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு உம்மா."

"அந்நேரம் ஊரே தூங்குமே. நாளு பொறக்குறத யாரு பாப்பா?"

இதை நான் எந்த டீச்சரிடமும் கேட்டதில்லை. தோன்றவும் இல்லை. உம்மா எழுந்து போய்த் தொதல் கொண்டுவந்து வைத்தாள். எனக்குப் பிடிக்குமென்று தேங்காய்ப்பால் ஊற்றி நாளெல்லாம் நின்று கிண்டியது. மேலே முந்திரியை வரிசையாகப் பதித்திருந்தாள். ஒன்றுகூடக் குறையவில்லை, யாரையும் தொடவிடவில்லை போலிருக்கிறது.

"நேத்து மஃரிபுலேருந்து வாசல்லதான் நின்னேன். வண்டி வந்துச்சு, திரையத் தூக்கிப் பாத்தேன்" என்றாள். பிறகு, எப்போதும் கேட்கிற அதே குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்: "ஒனக்கும் வெள்ளி ராவு மாறிப்போச்சா?"

பதில் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லாமல் தொதலைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.